மண்டபத்தில் இறக்கிச் சோதியுங்கள்!

ராமேஸ்வரம் ரயிலில், பாம்பன் பாலத்துக்கு முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு ஸ்டேஷன் வரும். அதென்ன கேம்ப்? "அகதிகள் முகாம்தானே சார்" என்பீர்கள். சரிதான், ஆனால் பெயர் அதற்கும் மூத்தது.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் ஜனங்களுக்கு அதுவே வாசல் ஆனது. ஆளோடு ஆளாகக் காலரா, பெரியம்மை, பிளேக் எல்லாம் டிக்கெட் இல்லாமல் வந்துவிடுமே என்று இலங்கை அரசுக்குப் பயம். முதலில் தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறையில் முகாம் வைத்திருந்தார்கள். பிறகு மண்டபத்தில். நம் மண்ணில் அவர்கள் நடத்திய முகாம்! சில நாள் நிறுத்தி வைத்து, டாக்டர் பார்த்து, அம்மை குத்தி, துணிமணியைச் சுத்தம் செய்த பிறகுதான் கப்பல். இதற்குப் பெயர் குவாரன்டைன். வெனிஸ்காரர்கள் கப்பல்களை 40 நாள் நிறுத்தியதால் வந்த வார்த்தை.

ஆன்டி வைரஸ் போட்ட கம்ப்யூட்டரிலும் அதே வார்த்தைதான் வருகிறது, கவனித்தீர்களா? சந்தேகமான ஃபைலை அழிக்காமல், ஓடவும் விடாமல் தனியே பூட்டி வைப்பது. மண்டபம் வேலைதான்!

ஆனால் காவல் மட்டும் போதுமா? நம் கூலியாட்களை இப்படிச் சலித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 1914 தொடக்கத்தில் கொழும்பில் பிளேக் தலைகாட்டிவிட்டது. எலிகள் பெருகிய துறைமுக நகரம் அது. ஒரு வாசலில் பூட்டு, இன்னொரு வாசலில் எலி!

உங்கள் வீட்டு எலி எது? 1986-ல் லாகூரில் அண்ணன் தம்பி எழுதிய 'பிரெய்ன்' வைரஸ், ஃபிளாப்பியில் ஏறி ஊர் சுற்றியது. இன்றைக்கு பென் டிரைவ், ஓசியில் கிடைக்கிற திருட்டு சாஃப்ட்வேர், முன்பின் தெரியாதவர் அனுப்பும் மெயில் இணைப்பு.

அடுத்தது, அம்மை குத்துவது. அதுதான் அப்டேட். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இத்தனை செய்தும் புயல் வரலாம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்கு வந்ததே! ஸ்டேஷன், போஸ்டாபீஸ், ஓடி வந்த ரயில் எல்லாம் போச்சு. உங்கள் குழந்தையின் போட்டோக்கள், வீட்டுப் பத்திர ஸ்கேன்கள் இரண்டுக்கும் இன்னொரு பிரதி வெளி ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். காப்பி எடுத்த கையோடு கழற்றி வைத்துவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால், பூட்டுகிற வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.

பஞ்சம் பிழைக்கப் போன மனுஷனைச் சந்தேகப்பட்டு வரிசையில் நிறுத்தியது கொடுமை. பென் டிரைவுக்கு அந்த மான அவமானமெல்லாம் கிடையாது. கொடுத்தவர் சம்பந்தியே ஆனாலும் முதலில் மண்டபம், அப்புறம்தான் கப்பல்!