கொதிகலன் பழுதுபார்ப்பில் துளையிடும் கருவிகளின் வரலாறு

நீராவிக் கொதிகலன்களின் தகடுகளில் தறையாணி (ரிவெட்), தாங்குமரை (ஸ்டே போல்ட்), குழாய் ஆகியவற்றுக்குத் துளையிடவும், முறிந்த ஆணிகளைக் குடைந்து எடுக்கவும் பயன்பட்ட கருவிகள் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பெரும் மாற்றங்களைக் கண்டன. புதிய தகடு என்றால் அதை இயந்திரத்திடம் கொண்டு செல்லலாம். பழுதுபார்ப்பில் கருவிதான் கொதிகலனிடம் போக வேண்டும். பல வேளைகளில் அதன் வயிற்றுக்குள்ளேயே புக வேண்டும். எனவே எந்தத் துளைப்பானை எடுப்பது என்ற கேள்வியோடு, அதை எதில் ஊன்றி நிறுத்துவது என்ற கேள்வியும் எப்போதும் சேர்ந்தே வந்தது.

குத்துதலும் குடைதலும்

தொடக்ககாலக் கொதிகலன்களில் தறையாணித் துளைகள் பெரும்பாலும் குத்துப்பொறியால் (பஞ்ச்) இடப்பட்டன. அது விரைவான முறை, செலவும் குறைவு. ஆனால் குத்தும் விசையால் துளையைச் சுற்றியுள்ள உலோகம் இறுகி, எளிதில் விரிசல் விடும் நிலையை அடைந்தது. தனித்தனியே குத்திய இரு தகடுகளின் துளைகள் நேராகப் பொருந்தாதபோது, கூம்பு முளையைச் சம்மட்டியால் அடித்து இறக்கி அவற்றை இழுத்துப் பொருத்துவதும் வழக்கமாயிருந்தது. இது உலோகத்தை மேலும் வதைத்தது.

மான்செஸ்டர் பொறியாளர் வில்லியம் ஃபேர்பேர்ன் 1838 இல் செய்த சோதனைகளில், முழுத் தகட்டின் வலிமையை 100 என்று கொண்டால் இரட்டை வரிசைத் தறையாணி இணைப்பின் வலிமை 70, ஒற்றை வரிசையின் வலிமை 56 எனக் கண்டார். நன்றாகச் செய்த இணைப்பின் நிலையே இதுதான். பின்னாளில் இரு தகடுகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூச்சில் குடைவதும், சிறிதாகக் குத்திவிட்டுப் பிறகு குடைந்து அகலப்படுத்துவதும் நல்ல பட்டறைகளின் முறையாயின. 1905 இல் அமெரிக்காவின் பிராக்டன் நகரக் காலணித் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தபின், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கொதிகலன் விதிகள் கடுமையாயின. இந்தியாவில் 1863 இல் கல்கத்தாவில் நேர்ந்த வெடிப்பே முதல் கொதிகலன் சட்டத்துக்குக் காரணமாயிற்று.

ராட்செட்டும் 'கிழவனும்'

கையால் இயக்கும் ராட்செட் துளைப்பான் நெடுங்காலம் பழுதுபார்ப்போரின் முதன்மைக் கருவியாக இருந்தது. கைப்பிடியை முழுவட்டமாகச் சுற்ற இடமில்லாத மூலையிலும், முன்னும் பின்னுமாகச் சிறிது அசைத்தாலே முனை சுழலும். இக்கருவிக்குத் தன் முதுகைச் சாய்க்க ஓர் ஆதாரம் வேண்டும். வளைந்த இரும்புக் கை ஒன்றைத் தகட்டில் மரையாணியால் இறுக்கி, துளைப்பானின் பின்புறத் திருகை அதன் அடியில் ஊன்றுவர். திருகை நீட்ட நீட்ட முனை தகட்டில் அழுந்தும். ஆங்கிலப் பட்டறைகளில் இந்த இரும்புக் கைக்குக் 'கிழவன்' என்று பெயர். வளைந்த கொதிகலன் உடலில் அதை நிறுத்தச் சங்கிலியைச் சுற்றிக் கட்டுவதும் உண்டு. கிழவன் சற்றே நெகிழ்ந்தாலும் துளை கோணலாகும், முனை முறியும்.

கொல்லர் தட்டிச் செய்த தட்டை முனைகளின் இடத்தை முறுக்கு முனை பிடித்தது. ஸ்டீவன் மோர்ஸ் 1863 இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். முறுக்குப் பள்ளங்கள் வழியே சீவல் தானே வெளியேறியதால் ஆழமான துளைகள் எளிதாயின. அவர் பெயரால் வழங்கும் கூம்புத் தண்டு, குழியில் உராய்வாலேயே இறுகி நிற்கும்; கழற்ற ஓர் ஆப்பு போதும். 1900 இல் பாரிசுக் கண்காட்சியில் காட்டப்பட்ட அதிவேக எஃகு, சூட்டிலும் கூர் மழுங்காமல் முனைகளைக் காத்தது.

தாங்குமரைகள்

ரயில் எஞ்சினின் தீப்பெட்டியையும் வெளித்தகட்டையும் பிணைத்து நிற்பவை நூற்றுக்கணக்கான தாங்குமரைகள். இவை முறிவதை வெளியிலிருந்து காண முடியாது. சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்பது ஒரு வழி. தேர்ந்த காது வேண்டும். மற்றொன்று, மரையின் வெளிமுனையில் முன்பே சிறு துளை இடுவது. மரை முறிந்தால் அத்துளை வழியே நீராவி கசிந்து காட்டிக்கொடுக்கும். அமெரிக்க எஞ்சின் விதிகள் 8 அங்குலத்துக்குக் குறைவான மரைகளில் 3/16 அங்குல விட்டத்தில், குறைந்தது 1¼ அங்குல ஆழத்தில் இத்துளையைக் கட்டாயமாக்கின. ஒரு சிறு துளை இத்தனை பேரைக் காத்தது வியப்புக்குரியதே.

முறிந்த மரையை எடுப்பதுதான் நுட்பமான வேலை. மையம் குறித்து, புரியின் அடிவிட்டத்தை விடச் சற்றுச் சிறிய முனையால் குடைந்து, எஞ்சிய மெல்லிய ஓட்டை உளியால் உள்நோக்கி மடக்கி எடுப்பர். முனை விலகினால் தகட்டின் புரி கெடும். பிறகு பெரிய புரி வெட்டிப் பெரிய மரையே இட வேண்டும்.

காற்றும் மின்சாரமும்

ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1895 இல் மின் கைத்துளைப்பானை உருவாக்கியது. ஆனாலும் ஈரமான இரும்புக் கூட்டுக்குள் மின்னதிர்ச்சி அச்சம் இருந்ததால், அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பானே அங்குப் பொருத்தமாயிருந்தது. முனை தகட்டைத் துளைத்து மறுபுறம் வெளிப்படும் கணத்தில் சிக்கிக்கொண்டால் இயந்திரமே சுழன்று பிடித்தவர் மணிக்கட்டை முறிக்கும். அதனால் கைப்பிடியை உறுதியான ஒன்றின்மீது அணைத்துவைத்தே வேலை செய்தனர்.

பற்றவைப்பு பரவியபின் தறையாணிகள் மறைந்தாலும், குழாய்த் துளைகள் இன்றும் குடையப்படுகின்றன. களத்தில் மின்காந்த அடித்தளத் துளைப்பான் கிழவனின் இடத்தைப் பிடித்துள்ளது. மெல்லிய அல்லது வளைந்த தகட்டில் காந்தப் பிடி குறையும். மின்சாரம் நின்றால் பிடி அறவே போய்விடும். ஆகவே காந்தத்தோடு ஒரு சங்கிலியும் கட்டப்படுகிறது.