சிராம்பியடியின் முதுசொம்

குடும்பச் சொத்து என்றவுடன் வீடு, வயல், தென்னந்தோப்பு, நகை என்பன நம் நினைவுக்கு வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நம் நாட்டில் அந்தப் பட்டியலில் மனிதரும் இடம்பெற்றிருந்தனர். தந்தை இறந்தால் அடிமை மகனுக்குச் சேர்ந்தான். மகளுக்குச் சீதனமாகவும் போனான். அடிமைப் பெண் ஈன்ற மகவு பிறக்கும்போதே ஆண்டானின் உடைமையாயிற்று.

மேற்கிந்தியத் தீவுகளில் இவ்வழக்கம் பெருஞ்செல்வமாய் வளர்ந்தது. பார்படோஸ் தீவின் கரும்புத் தோட்ட முதலாளி கிறிஸ்தோபர் கொட்ரிங்டன் 1710இல் மறைந்தபோது, தோட்டங்களையும் அடிமைகளையும் ஒரு சமயப் பரப்புச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். ஒக்ஸ்போர்டில் ஒரு நூலகம் அமையவும் பணம் விட்டுச்சென்றார். 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டமியற்றி, 2 கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கியது. அப்பணம் ஆண்டான்மார் கைக்கே சென்றது. அடிமைகளுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

அந்தச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது என விலக்கப்பட்டிருந்தது. இங்கு விடுதலை வேறு வழியில், மெல்ல வந்தது. பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்தனின் தூண்டுதலால், 1816 ஆகஸ்ட் 12க்குப் பின்னர் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என அடிமை உடையோர் பலர் இசைந்தனர். 1844இல் நிறைவேறிய கட்டளைச் சட்டம் அடிமை முறையை முற்றாக ஒழித்தது.

இனிப் புத்தளக் கரைக்கு வருவோம். இப்னு பதூதா 1344இல் இக்கரையில் இறங்கினார். கொழும்பில் ஒரு தலைவனிடம் ஏறக்குறைய ஐந்நூறு அபிசீனியர் இருந்ததாக அவர் குறித்திருக்கின்றார். பின்னாளில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கரைப் படைக்கும் கோட்டை வேலைக்கும் கொணர்ந்தனர். கொழும்பில் ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடமே இன்றைய கொம்பனித்தெரு. ஆங்கிலத்தில் வழங்கிய அதன் பழைய பெயர் அடிமைத் தீவு என்றே பொருள்பட்டது. ஆங்கிலேயரும் விட்டாரில்லர். ஆளுநர் நோர்த் காலத்தில் கோவாவில் ஆபிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கிப் படையிற் சேர்த்தனர். இவ்வாறு திரண்டதே மூன்றாம் இலங்கைப் படைப்பிரிவு.

அப்படையின் ஒரு பகுதி புத்தளத்தில் நிலைகொண்டிருந்தது. படை கலைந்தபின் ஊர் திரும்ப அவர்களுக்கு வழி ஏது? இந்த மண்ணிலேயே மணம்புரிந்து குடியமர்ந்தனர். புத்தளம் நகரை அடுத்த சிராம்பியடியில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். தமிழில் காப்பிலியர் என அழைக்கப்பெறும் இவர்கள் கத்தோலிக்கர். அன்றாடப் பேச்சு சிங்களமாகிவிட்டது. முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்புமொழி பாட்டில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

அப்பாட்டுக்கு 'மஞ்சா' என்று பெயர். சிரட்டைகளைத் தட்டியும், போத்தலைக் கரண்டியால் ஒலித்தும், மத்தளம் முழக்கியும் பாடுவர். மெதுவாகத் தொடங்கும் பாட்டு வரவர விரைவுகொள்ளும். கேட்போரின் கால்கள் தாமாகவே எழும். சொற்களின் பொருள் பாடுவோர்க்கே முழுதும் விளங்குவதில்லை. ஆயினும் தாய் பாடியதை மகள் பாடுகிறாள்.

நேயர்களே, ஆண்டான் விட்டுச்சென்ற சொத்துக்கு உயில் உண்டு, கணக்கு உண்டு, நட்டஈடும் உண்டு. அடிமையாய் வந்தவன் விட்டுச்சென்றதற்கு எந்தப் பத்திரமும் இல்லை. பாடுவதற்கு ஒரு பிள்ளை இருக்கும்வரையே அது நிலைக்கும். அந்தக் குடும்பங்கள் இன்று மிகச் சில. அவர்தம் பாட்டைக் கேட்டறிவதும் வரலாற்றுக்கு நாம் செலுத்தவேண்டிய கடனில் ஒரு பகுதியாகும்.