5,000 அடிக்குக் கீழே

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரக் காடுகளில் காட்டுக் காசித்தும்பைகள் வளர்கின்றன. ஓடைக்கரை, நீர் கசியும் பாறை, வெயில் நேரே விழாத மரநிழல் ஆகியவையே இவற்றின் இடம். நீர் நிறைந்த தண்டு வெட்டவெளியில் ஒரு நண்பகலுக்குள் துவண்டுவிடும். இவற்றுள் ஓராண்டுச் செடிகள் மழையோடு முளைத்துப் பூத்து, காய் வெடித்து விதை சிதறியதும் மடிகின்றன. இலங்கையில் 20க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வேறெந்த நாட்டிலும் இல்லை.

மரநிழல் போனால் இந்தப் பூவும் போகும். 1830களின் பிற்பகுதியில் தொடங்கிய கோப்பி மோகம் மாத்தளைச் சரிவுகளில் காட்டை வெட்டி எரித்தது. மன்னாரில் கரையேறிய தமிழகத் தொழிலாளர்கள் தம்புள்ளை வழியே நடந்து இத்தோட்டங்களை அடைந்தனர். அதே காலத்தில்தான், 1821இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் துவைட்ஸ் இலங்கைத் தாவரங்களைப் பட்டியலிட்டார். அவரது நூல் 1858 முதல் 1864 வரை வெளிவந்தது. அதே தோட்டத்தின் டிரைமன் எழுதிய விரிவான நூல் 1893இல்தான் வெளிவரத் தொடங்கியது. செடிக்குப் பெயர் சூட்டுவோரைவிடக் கோடரிக்கே வேகம் அதிகம்.

காசித்தும்பை தாவரவியலாளருக்கும் எளிதில் பிடிபடவில்லை. மெல்லிய இதழ்கள் உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, பூவின் வடிவமே குலைந்துவிடும். இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஜோசப் ஹூக்கர் 1911இல் இறக்கும்வரை, தம் கடைசி ஆண்டுகளை இந்தப் பேரினத்தோடு மல்லுக்கட்டியே கழித்தார்.

அதே ஹூக்கரின் பரிந்துரையால் 1873இல் இலங்கையில் 5,000 அடிக்கு மேல் காடு வெட்டுவது தடுக்கப்பட்டது. சிகரங்கள் தப்பின, அந்தக் கோட்டுக்குக் கீழிருந்த ஈரமான அடிவாரத்துக்குக் காவல் இல்லை. 1869இல் வந்த இலைத்துரு நோய் கோப்பியை ஒழித்தும் காடு திரும்பவில்லை. தேயிலையும் கொக்கோவும் அந்த இடத்தைப் பிடித்தன.

இந்தக் காடுகளுக்குள் பயிரிடப்பட்ட ஏலக்காய் செய்த சேதம் வேறு வகை, கண்ணுக்கு எளிதில் தெரியாதது. நிழல் தேவைப்படும் பயிர் என்பதால் பெருமரங்களை விட்டுவைத்து, அவற்றின் கீழிருந்த செடிகொடிகளை மட்டும் துப்புரவாக அகற்றினார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் காடு முழுதாகவே தெரியும். காசித்தும்பை வளரும் தளம்தான் இல்லை. ஏலம் உலர்த்தும் கொட்டில்களுக்கு விறகும் அங்கிருந்தே போனது.

2000இல் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமானது. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. வனத்துக்குள் ஏலச் செய்கைக்கு இப்போது தடை உண்டு. ஆனால் கைவிடப்பட்ட ஏலத்தூறுகள் பல இடங்களில் தாமாகவே தொடர்ந்து வளர்கின்றன.