ஒரு டாலர் கம்பெனியும் மூன்று கிராம் பறவையும்

1942, டிசம்பர் 2. சிகாகோ பல்கலைக்கழகம். மைதானத்தின் கேலரிக்குக் கீழே ஒரு ஸ்குவாஷ் கோர்ட். பந்தடிக்க வேண்டிய இடத்தில், கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிவைத்திருக்கிறார்கள். என்ரிகோ ஃபெர்மி உத்தரவு கொடுக்கக் கொடுக்க, கட்டுப்பாட்டுத் தடி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. மனிதன் உண்டாக்கிய முதல் அணுத் தொடர்வினை!

மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்களில் கம்பெனி ஆள் ஒருவரும் இருந்தார். பெயர் கிராஃபோர்ட் கிரீன்வால்ட். வயது 40. நைலானை நமக்குத் தந்த டூபான்ட் கம்பெனியின் கெமிக்கல் இன்ஜினீயர்.

அவருடைய கம்பெனிதான் அடுத்து ஹான்ஃபோர்டில் புளூட்டோனியம் தொழிற்சாலையைக் கட்டியது. 1945, ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் விழுந்த குண்டுக்குள் இருந்தது அந்தப் புளூட்டோனியம்தான். இதற்காக அரசாங்கத்திடம் டூபான்ட் பேசிய லாபம் எவ்வளவு தெரியுமா? செலவு போக, ஒரே ஒரு டாலர்! பி.காம். படித்த எனக்கு இந்த இடத்தில் புரையேறிவிட்டது. காரணம் இருக்கிறது. முதல் உலகப் போரில் வெடிமருந்து விற்றுச் சம்பாதித்ததற்காக, 'மரண வியாபாரி' என்று 1930-களில் வாங்கிக் கட்டிக்கொண்ட கம்பெனி அது. பட்ட சூடு!

1948-ல் கிரீன்வால்ட் அந்தக் கம்பெனிக்கே தலைவராகிவிட்டார். இவ்வளவு பெரிய மனிதர் ஓய்வு நேரத்தில் என்ன செய்வார்? கோல்ஃப் ஆடுவார் என்றுதானே நினைப்போம்? ம்ஹூம்... கேமராவைத் தூக்கிக்கொண்டு ஹம்மிங் பறவைகளின் பின்னால் அலைந்தார்.

நம்ம வீட்டுச் செம்பருத்திக்கு வருகிற தேன்சிட்டை ஹம்மிங் பறவை என்று பலர் நினைத்துக்கொள்கிறோம். அது வேறு குடும்பம். ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதித் தோட்டங்களுக்கு வரும் செந்தொண்டை ஹம்மிங் பறவையின் எடை, சுமார் 3 கிராம். அந்தரத்தில் நின்றபடி விநாடிக்கு ஐம்பது தடவை சிறகடிக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாமா? சிறகின் நுனி ஒரு தடவை முன்னால் போய்ப் பின்னால் வர, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் பயணம். ஐம்பது தடவை என்றால், விநாடிக்கு 10 மீட்டர். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு விநாடிதான் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே சிறகு நுனி ஒரு சென்டிமீட்டர் ஓடிவிடும். சிறகின் நீளமே நாலு சென்டிமீட்டர்தான். படத்தில் பறவை இருக்கும்... சிறகு இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் இருக்கும்!

இதற்கு வழி காட்டியவர், எம்.ஐ.டி. பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்டன். ஷட்டரை நம்பாதே, வெளிச்சத்தை நம்பு என்பதுதான் அவருடைய வழி. மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, வாயு நிரப்பிய குழாய் வழியாகப் பளிச்சென்று ஒரே நொடிப்பில் கொட்டிவிட வேண்டும். ஷட்டர் சாவகாசமாகத் திறந்து மூடட்டும். அந்த மின்னல் நேரத்தில் தெரிந்ததுதான் படம். 1930-களிலேயே அவர் ஹம்மிங் பறவையை இப்படிப் படமெடுத்துவிட்டார்.

கிரீன்வால்ட் கையாண்டதும் இதே வித்தைதான். அவருடைய ஃப்ளாஷ் எரிந்த நேரம், சுமார் முப்பதாயிரத்தில் ஒரு விநாடி. அதற்குள் சிறகு நகர்வது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. புகை விலகி, சிறகு தெரிந்தது!

தென் அமெரிக்கக் காடுகள் வரை போய் அவர் எடுத்த படங்கள் 1960-ல் பெரிய புத்தகமாக வந்தன. படத்தோடு நிற்கவில்லை மனிதர். பறவையைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டு வேகத்தை அளந்தார். கழுத்தில் மின்னும் சிவப்பு, சாயம் இல்லை. இறகுக்குள் காற்றுக் குமிழிகள் அடைபட்ட மெல்லிய தகடுகள் ஒளியோடு ஆடும் விளையாட்டு என்று சக ஆய்வாளர்களோடு சேர்ந்து கண்டறிந்து எழுதினார். சோப்பு நுரையில் வானவில் தெரிகிறதே, அதே சங்கதி.

நாகசாகிக்குக் காரணமான ஒரு மனிதர், பாவத்தைக் கழுவப் பறவையிடம் போனார் என்று இந்தக் கதையை முடித்தால் அழகாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் முடிக்க ஆசைப்பட்டேன். ஆனால், தேதிகள் இடம் கொடுக்கவில்லை. 1950-ல் ஹைட்ரஜன் குண்டுக்கான மூலப்பொருள் தயாரிக்க சவானா ஆற்றங்கரையில் ஒரு தொழிற்சாலை வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. அதே டூபான்ட், அதே ஒரு டாலர். தலைவர் நாற்காலியில் இருந்தவர் கிரீன்வால்ட். அந்தத் தொழிற்சாலை எழுந்து இயங்கிய அதே 1950-களில்தான் அவர் பறவைகளுக்காகக் காத்துக் கிடந்தார்.

எட்ஜர்டன் மட்டும் என்ன? போருக்குப் பிறகு, அணுகுண்டு வெடிக்கும் முதல் கணத்தைப் படமெடுக்கக் கேமரா செய்து தந்தவரும் அவர்தான்!

ஆக, குண்டுக்கு ஒரு மனசு, பறவைக்கு ஒரு மனசு என்று அவர்களுக்குள் இரண்டு மனிதர்கள் இருக்கவில்லை. பகலில் ஃபைலில் கையெழுத்துப் போட்ட கைதான், ஓய்வு நேரத்தில் மூன்று கிராம் உயிர் கலைந்துவிடக் கூடாதே என்று அசையாமல் கேமராவைப் பிடித்தது.

நமக்குத்தான் அதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகிற நாமும், ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கொஞ்சுகிற நாமும் ஒரே ஆள்தானா என்று என்றைக்காவது யோசித்துப் பார்த்திருக்கிறோமா என்ன?