கிறிஸ்துமஸ் கிளப்: பண்டிகைக்குக் கடன் வாங்காமல் இருக்க ஒரு வழி

பண்டிகை எந்த மாதம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது ஒன்றும் திடீர்ச் செலவு கிடையாது. இருந்தும் பண்டிகைக்கு முந்தின வாரம்தான் அடகுக் கடையில் கூட்டம் அலைமோதுகிறது. ஏன்?

மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும் என்பது தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் எடுத்து வைத்த பணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தங்காது, அவ்வளவுதான்! இந்தச் சின்னப் பிரச்சினைக்கு விடை தேடிய வரலாறு சுவாரசியமானது. கொஞ்சம் சோகமானதும் கூட.

வாத்துக்கு ஒரு சீட்டு

19ஆம் நூற்றாண்டில் லண்டன் தொழிலாளி வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து என்றால் 'கூஸ்' என்கிற பெரிய வாத்துதான். ஒரு வாரக் கூலியில் அதை வாங்குவது கஷ்டம். எனவே அக்கம்பக்கத்து மதுக்கடைகளில் 'கூஸ் கிளப்' நடத்தினார்கள். வாராவாரம் சில பென்னி கட்டிவந்தால் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாத்து கிடைக்கும். 1892-ல் ஆர்தர் கானன் டாயில் எழுதிய ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் திருடுபோன நீலக்கல் ஒரு வாத்தின் வயிற்றிலிருந்து கிடைக்கும். அந்தக் கதையில் வருகிறவருக்கு வாத்து கிடைப்பதே இப்படி ஒரு கிளப் மூலமாகத்தான்.

கடைக்காரருக்கு இதில் என்ன லாபம்? பணம் கட்ட வருகிறவர் ஒரு கிளாஸ் குடிக்காமலா போவார்! சேமிக்கப் போன இடத்திலேயே செலவு.

வங்கிக்கு வந்த யோசனை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்று ஒரு சிறிய ஊர். அங்கிருந்த கார்லைல் டிரஸ்ட் கம்பெனி என்ற வங்கியின் பொருளாளர் மெர்க்கல் லாண்டிஸ், 1909-ல் கிறிஸ்துமஸுக்கென்றே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கினார். அறியப்பட்ட முதல் 'கிறிஸ்துமஸ் கிளப்' இதுதான் என்கிறார்கள். சேர்ந்தவர்கள் சுமார் 350 பேர். ஆளுக்குச் சராசரியாக 28 டாலர் சேர்ந்தது.

யோசனை மற்ற வங்கிகளுக்கும் வேகமாகப் பரவியது. அதில் ஒரு திட்டம் ரொம்ப எளிமையானது. முதல் வாரம் 1 சென்ட், இரண்டாம் வாரம் 2 சென்ட், இப்படியே 50ஆவது வாரம் 50 சென்ட். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 12 டாலர் 75 சென்ட் வரும். இதையே தலைகீழாகவும் கட்டலாம். 50 சென்ட்டில் ஆரம்பித்தால் பண்டிகை நெருங்க நெருங்கத் தவணை குறையும். மற்ற செலவுகள் ஏறுகிற நேரத்தில் இந்தச் சுமை இறங்கும். எவ்வளவு நல்ல கணக்கு!

ஆனால் வட்டி? பல வங்கிகளில் வட்டி மிகக் குறைவு, சிலவற்றில் அதுவும் இல்லை. சாதாரணச் சேமிப்புக் கணக்கிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். பொருளாதார நிபுணர்களும் அதைத்தான் கேட்டார்கள். 2017-ல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தாலர் இதற்குச் சொன்ன விளக்கம் முக்கியமானது. மனிதர்கள் மனசுக்குள் தனித்தனி டப்பா வைத்துக்கொண்டுதான் செலவு செய்கிறார்கள். சுலபமாக எடுக்க முடியாது என்பது அந்தக் கணக்கின் குறை அல்ல. அதற்காகத்தான் ஜனங்கள் அதில் பணம் போட்டார்கள்.

பணம் யார் கையில்?

சேமிக்கும் ஒழுங்கு வந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்று வரலாறு சொல்கிறது. 1930 டிசம்பர் 11 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நியூயார்க்கில் 'பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்' மூடப்பட்டது. பெயர்தான் அப்படி, அது அரசு வங்கி அல்ல. சுமார் 4 லட்சம் பேர் அதில் பணம் போட்டிருந்தார்கள். இப்படி வங்கிகள் வரிசையாக விழுந்த பிறகுதான் 1933-ல் அமெரிக்காவில் வைப்புத்தொகைக் காப்பீடு சட்டமானது.

வங்கிக்கு வெளியே நடந்த சேமிப்புக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதற்குச் சாட்சி 2006-ல் பிரிட்டனில் விழுந்த ஃபேர்பேக் கம்பெனி.

ஃபேர்பேக் வங்கி அல்ல. வருஷம் முழுக்கத் தவணை வாங்கிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு உணவுப்பொருள் கூடையும் கடை வவுச்சரும் தரும் கம்பெனி. பணம் வசூலித்த ஏஜென்டுகள் பெரும்பாலும் அதே தெருவில் இருக்கிற பெண்கள். சொந்தக்காரர், பக்கத்து வீடு, கூட வேலை பார்ப்பவர் என்று தெரிந்தவர்களிடம்தான் வாங்கினார்கள். கட்டியவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானக் குடும்பத்தினர். கிறிஸ்துமஸுக்குக் கடன்படக் கூடாது என்பதற்காகவே கட்டியவர்கள்.

அக்டோபர் 13 அன்று கம்பெனி மூழ்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம் போனது. சராசரி இழப்பு சுமார் 400 பவுண்டு. பணத்தைத் தனி அறக்கட்டளைக் கணக்கில் வைக்காமல் நிறுவனத்தின் மற்ற பணத்தோடு கலந்துவிட்டிருந்தார்கள். ஆகவே சட்டத்தின் பார்வையில் இவர்கள் பிணையில்லாக் கடனீந்தோர். கம்பெனிச் சட்டம் படிப்பவர்களுக்குத் தெரியும், அந்த வரிசையில் அவர்கள் இடம் கிட்டத்தட்டக் கடைசி. கடன் வாங்கக் கூடாது என்று நினைத்தவர்கள், தங்களுக்கே தெரியாமல் ஒரு கம்பெனிக்குக் கடன் கொடுத்திருந்தார்கள்!

பல ஏஜென்டுகளுக்குப் பணம் போனதோடு, தெருவில் முகம் காட்ட முடியாத நிலையும் வந்தது. பொதுமக்களும் நிறுவனங்களும் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். கம்பெனிக்குக் கடன் கொடுத்திருந்த வங்கியை வாங்கிய லாயிட்ஸ் 2012-ல் 80 லட்சம் பவுண்டு தந்தது. அப்படியும் முழுப் பணம் திரும்பவில்லை. சேமிப்புப் பணத்தைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டை இந்தத் தொழிலில் உள்ளவர்கள் 2007-ல்தான் கொண்டுவந்தார்கள்.

நம்மூர் தீபாவளிச் சீட்டு

இதைப் படிக்கும்போது தீபாவளிச் சீட்டு ஞாபகம் வராமல் இருக்குமா? மாதாமாதம் கட்டு, தீபாவளிக்கு இனிப்பு, பட்டாசு, பாத்திரம், சில இடங்களில் குட்டித் தங்கக் காசு. அதே முறை, அதே நம்பிக்கை, சில வருஷங்களில் அதே ஏமாற்றம். தமிழ்நாட்டில் 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019-ல் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டமும் வந்தது. ஆனால் சட்டம் வேலை செய்ய ஆரம்பிப்பது பெரும்பாலும் பணம் போன பிறகுதான்.

வங்கியில் ஆர்.டி. போட்டால் இனிப்புப் பெட்டி தரமாட்டார்கள், உண்மைதான். ஆனால் 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. போன தீபாவளிக்கு ஆன செலவை ஒரு தாளில் எழுதி, பதினொன்றால் வகுத்து, அந்தத் தொகைக்கு ஒரு கணக்கு தொடங்கினால் போதும். கையெட்டாத டப்பாவும் ஆச்சு, பாதுகாப்பும் ஆச்சு.

கார்லைல் ஊர்க்காரர்கள் கண்டுகொண்டது, பணத்தைத் தன்னிடமிருந்தே காப்பாற்ற வேண்டும் என்பதை. ஃபேர்பேக் குடும்பங்கள் விலை கொடுத்துக் கற்றது, வாங்கி வைப்பவரிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்பதை. இரண்டும் சேர்ந்தால்தான் பண்டிகை நிம்மதியாகப் போகும்.