சேர்வராயன் மலையில் பசியும் வறுமையும்

சேர்வராயன் மலை, சேலம் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஒரு குன்றுத்தொகுதி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காடு இதன் தலைமை ஊர். இம்மலையில் வாழும் மலையாளிகள் (கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, தாய்மொழி தமிழ்) தமிழகப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடத்தில் உள்ளனர். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலம் முழுவதும் இவர்கள் ஏறத்தாழ 3.58 லட்சம் பேர். இம்மலையில் வறுமையின் வரலாறு பெரும்பாலும் நிலம் கைமாறிய வரலாறே.

நிலப் பாகுபாடு

மலையாளிகளின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்பது வழிவழிச் செய்தி. மூன்று சகோதரர்களில் மூத்தவரான பெரியண்ணன் வழியினர் சேர்வராயனிலும், மற்ற இருவர் வழியினர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர் என்பர். சேர்வராயன் மலை சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. இவர்களைப் பற்றி எழுதிய ஆங்கில அதிகாரிகளுள் எட்கர் தர்ஸ்டன் (1909) திருமணச் சடங்குகளுக்குக் கொடுத்த இடத்தை உணவுக்குக் கொடுக்கவில்லை.

பயிரிடும் முறையை வைத்து நிலம் மூன்று வகைப்பட்டது. ஏர் ஓட்டக்கூடிய சமதளம் உழவுக்காடு. ஏர் ஏறாத சரிவில் களைக்கொத்தால் கொத்தி விதைப்பது கொத்துக்காடு. காட்டை வெட்டி எரித்து, சாம்பல் மண்ணில் ஓரிரு ஆண்டு விதைத்துவிட்டு, மீண்டும் காடாகும்படி விட்டுவிடுவது புனக்காடு. சாமை, கேழ்வரகு, தினை ஆகியவை முதன்மைப் பயிர்கள். இவற்றில் சாமை மழை குறைந்தாலும் காலை வாராது. ஆனால் அதன் உமி எளிதில் நீங்காது. உரலிலிட்டுக் குத்துவது, முறத்தில் புடைப்பது, மறுபடி குத்துவது என ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் விடியுமுன்பே உலக்கை பிடிக்க வேண்டியிருந்தது. ஆடி, ஆவணியில் குதிரில் தானியம் குறையும்போது காட்டுக்கிழங்கும் கீரையும் கைகொடுத்தன.

ஓய்வில் விடப்பட்ட புனக்காடு, வருவாய்த்துறையின் கண்ணுக்குத் தரிசாகவே பட்டது. பின்னால் வந்த இழப்புக்கெல்லாம் தொடக்கம் இதுதான்.

காப்பியின் வருகை

1792-இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஏற்காட்டை 1842-இல் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார் எனச் சுற்றுலாக் குறிப்புகள் பல இன்றும் எழுதுகின்றன. மன்றோ இறந்தது 1827-இல். மலையாளிகள் அதற்கு முன்பே பல தலைமுறையாக அங்கே வாழ்ந்துகொண்டிருந்தனர் என்பது வேறு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கு காப்பியையும் பேரிக்காய் முதலிய பழமரங்களையும் கொண்டுவந்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் ‘தரிசு’ நிலங்கள் ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. எஞ்சிய காட்டை 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் அடைத்தது. கொஞ்சகாலம் முன்புவரை விதைத்த நிலத்தில் விறகு பொறுக்கவும் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்களை மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துச் சேர்த்தனர். வாங்கிய முன்பணம் கழியும்வரை தோட்டத்தைவிட்டுப் போக முடியாது. காப்பிப் பழம் பறிக்கும் கார்த்திகை முதல் தை வரை கூலி உண்டு. மற்ற மாதங்களில் குறைவு.

தாது வருடப் பஞ்சம்

1876-78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871-இல் 19,66,995 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881-இல் 15,99,595 ஆகக் குறைந்தது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான சரிவு இது. மழை பொய்த்தது உண்மை. அதே ஆண்டுகளில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. ஆனால் ஆட்களைக் கொன்றது மழையின்மை மட்டுமன்று. தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கையும், எகிறிய விலையும்தான்.

வைசிராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், 1877 தொடக்கத்தில் நிவாரண வேலையாளின் கூலியை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியமும் ஓர் அணாவும் எனக் குறைத்தார். கல் உடைத்து மண் சுமக்கும் ஆளுக்கு இது போதாது என மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். பின்னர் கூலி உயர்த்தப்பட்டது. இதே டெம்பிள் 1874-இல் பீகார் பஞ்சத்தின்போது பர்மா அரிசியை இறக்குமதி செய்து சாவைத் தடுத்து, செலவு மிகுதி என்று கண்டனம் பெற்றவர். 1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன.

விடுதலைக்குப் பின்

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெரிய எஸ்டேட்டுகளில் குடியிருப்பு, மருத்துவம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. சிறு தோட்டங்கள் அதன் வரம்புக்கு வெளியே நின்றன. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு இம்மலையிலிருந்தும் பாக்சைட் வெட்டி எடுக்கப்பட்டது. சேக்ரட் ஹார்ட் (1894), மான்ட்ஃபோர்ட் (1917) போன்ற உறைவிடப் பள்ளிகளால் ஏற்காடு கல்விக்குப் பெயர்பெற்றது. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள். அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி தமிழகத்தில் ஒன்றுகூட இல்லாததால், அப்பகுதிகளில் உள்ளதுபோன்ற நிலப் பாதுகாப்பு இம்மலைக்கு வாய்க்கவில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் பட்டாக்களும் நீதிமன்றத் தடையால் தமிழகத்தில் நெடுங்காலம் தாமதமாயின.

இன்றைய நிலை

2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மதிய உணவும் (1982-இல் விரிவாக்கப்பட்டது) 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளிப் பிள்ளைகளின் பட்டினியைப் பெருமளவு போக்கியுள்ளன. சாமைச் சாகுபடி சுருங்கிவிட்டது. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் 2019-21-இல் தமிழகத்தின் அளவு 2.20 விழுக்காடு மட்டுமே; ஆனால் அதே காலத்துத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை காணப்பட்டது.