ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளைகள்

(ஒலி வடிவத்திலிருந்து சற்றே சுருக்கித் தொகுத்தது)

இன்னைக்குக் கதை ஒரு மஞ்சள் லைட்ல ஆரம்பிக்குது.

கார் ஓட்டிக்கிட்டு இருக்கீங்க. மீட்டர்ல இன்ஜின் படம் போட்ட ஒரு சின்ன விளக்கு எரியுது. வண்டி என்னமோ நல்லாத்தான் ஓடுது. சர்வீஸுக்குக் கொண்டுபோனா, "ஸ்கேன் போட்டுப் பார்க்கணும் சார்" என்கிறார்கள். ஸ்கேனுக்குத் தனி பில்.

இப்போ நம்மில் சிலர் வேறு ஒரு வேலை பண்றோம். தீப்பெட்டி அளவில் ஒரு புளூடூத் ரீடரை ஆன்லைனில் வாங்குகிறோம். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, அங்கே இருக்கிற 16 துளை சாக்கெட்டில் சொருகுகிறோம். போனில் ஆப்பைத் திறந்தால் 'பி0301' என்று வருகிறது. முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று அர்த்தம்.

எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருந்தது. கார் கம்பெனிகள் எதையும் சும்மா திறந்து வைக்க மாட்டாங்க. அப்புறம் இந்தக் கதவை மட்டும் யார் வேணும்னாலும் திறக்கிற மாதிரி ஏன் வெச்சாங்க? தேடிப் பார்த்தா, அவங்க விரும்பி வைக்கலை. ஒரு ஊரின் புகை அவங்களை வைக்க வெச்சது.

1943 ஜூலை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் ஊர் மேல் பழுப்பு நிறப் படலம் இறங்கியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. ஜப்பான் விஷவாயு போட்டுவிட்டதோ என்றுகூட மக்கள் பயந்தார்கள். பிறகு சந்தேகம் செயற்கை ரப்பருக்கான ரசாயனம் தயாரித்த ஓர் ஆலை மேல் திரும்பியது. ஆலையை நிறுத்திப் பார்த்தார்கள். புகை நிற்கவில்லை.

குற்றவாளியைப் பிடித்தவர் யார் தெரியுமா? அன்னாசிப்பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு வேதியியலாளர்! பெயர் ஆரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்தவர், கால்டெக்கில் பேராசிரியர். பழ வாசனையைப் பிரித்தெடுக்கிற அதே முறையில் ஊர்க்காற்றை உறைய வைத்துப் பார்த்தார். கிடைத்தது, நாற்றமடிக்கும் சில பழுப்புத் துளிகள். 1950களின் தொடக்கத்தில் அவர் சொன்ன விளக்கம் இதுதான்: காரின் சைலன்சர் வழியாக வரும் எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயில் பட்டு வினைபுரிந்து ஓசோன் ஆகின்றன. ஊரை மூச்சுத் திணற வைத்தது ஊர்க்காரர்களின் சொந்தக் கார்களே.

எண்ணெய் நிறுவனங்கள் இதை ஒத்துக்கொள்ளாமல் வாதாடின. ஆனால் 1967இல் கலிபோர்னியா தனக்கென்று ஒரு காற்று வளங்கள் வாரியத்தை அமைத்தது. அதன் முதல் தலைவர் யார்? அதே ஹாகன்-ஸ்மிட்.

இங்கேருந்து கதை காருக்குள்ளே போகுது. 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. சைலன்சருக்கு முன்னாடி உட்கார்ந்து, புகையில் இருக்கும் நச்சைக் குறைக்கிற பாகம். அது சரியா வேலை செய்யணும்னா காற்றும் பெட்ரோலும் ரொம்பத் துல்லியமான அளவில் கலக்க வேண்டும். அதற்காகத்தான் இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது.

இதில் ஒரு சிக்கல். பிரேக் போனால் உங்களுக்கே தெரியும். கன்வெர்ட்டர் போனால் தெரியாது. வண்டி பாட்டுக்கு ஓடும்; பக்கத்தில் நடந்துபோகிறவர்தான் இருமுவார். அதனால் கலிபோர்னியா ஒரு விதி போட்டது: புகைக் கட்டுப்பாடு கெட்டுப்போனால் அதை வண்டியே சொல்ல வேண்டும். 1988 மாடல்களிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. நம்ம மஞ்சள் லைட்டுக்குப் பின்னால் இருப்பது இந்த விதி.

ஆனா அப்போ ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சாக்கெட், ஒரு கோடு. பல ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், சாக்கெட்டின் இரண்டு முனைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு, லைட் எத்தனை முறை கண்ணடிக்கிறது என்று எண்ண வேண்டும். ஒருமுறை மின்னி, சற்று நின்று, இரண்டுமுறை மின்னினால் கோடு 12. வேறு கம்பெனி கார் வந்தால் வேறு வித்தை. தெருமுனை மெக்கானிக் எத்தனை கருவி வாங்குவார்?

1990இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. இந்த எபிசோடின் உயிர்நாடி அதில் இருக்கும் ஒரு சின்னப் பிரிவு. சாரம் இதுதான்: எல்லா வண்டியிலும் சாக்கெட் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதைத் திறக்க ரகசியக் கோடு கேட்கக்கூடாது. தயாரித்த கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கும் கருவி தேவைப்படக்கூடாது. வெளியே வரும் தகவலும் யாரும் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும்.

1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் இந்த முறை வந்தது. பெயர் ஓபிடி-2. ஐரோப்பாவில் 2001இல் பெட்ரோல் கார்களுக்கு வந்தது. இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்து ஓபிடி-2 கட்டாயமானது. நம்ம ஊர்ல நீங்க சொருகுற அந்த சாக்கெட், லாஸ் ஏஞ்சலஸ் புகையோட தூரத்துச் சொந்தம்.

சரி, போன் எப்போ வந்தது? சாக்கெட் ஒன்றுதான் என்றாலும், அதில் கார்கள் பேசிய மின்மொழிகள் ஐந்து. ஃபோர்டு ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் ஒன்று, ஐரோப்பிய, ஆசியக் கார்கள் வேறு. 2005இல் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் ஈஎல்எம்327 என்று ஒரு சிப் கொண்டுவந்தது. ஐந்து மொழிகளையும் புரிந்துகொண்டு, சாதாரண எழுத்தாக மாற்றிக் கொடுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர். '010சி' என்று கேட்டால், "இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது?" என்று பொருள். '41 0சி 1ஏ எஃப்8' என்று பதில் வரும். கடைசி இரண்டையும் சேர்த்துச் சாதாரண எண்ணாக மாற்றினால் 6904. நாலால் வகுத்தால் நிமிடத்துக்கு 1726 சுற்று. ஆப்பில் நீங்க பார்க்கிற முள் ஆடுவது இந்தக் கணக்கால்தான்.

முதல் பதிப்பில் அந்த நிறுவனம் நகல் பாதுகாப்பு போடவில்லை. நகல்கள் வெள்ளமாய் வந்தன. விலை சரிந்தது. ஸ்மார்ட்போனும் புளூடூத்தும் வந்தபோது, ஸ்கேனரின் திரையும் மூளையும் ஏற்கெனவே நம் பாக்கெட்டில் இருந்தன. 2022இல் எல்ம் கடையை மூடியது. நகல்கள் இன்னும் விற்கின்றன.

இதையெல்லாம் கேட்டுட்டு, "அப்போ போன் எல்லாத்தையும் சொல்லிடும்"னு நினைக்காதீங்க. சட்டம் பிறந்தது புகைக்காக. அதனால் பொதுவான ரீடரில் உறுதியாகக் கிடைப்பது புகை சம்பந்தப்பட்ட இன்ஜின் விஷயங்களே. ஏர்பேக், ஏபிஎஸ் பெரும்பாலும் கம்பெனியின் தனி மொழியில் பேசும். கோடை அழித்தால் லைட் அணையும். கோளாறு அங்கேயேதான் இருக்கும்.

இன்னொன்று: ரீடர் சொல்வது காரின் கம்ப்யூட்டர் சொல்வதை மட்டும்தான். 2015இல் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் சோதனைக்கூடத்தில் யோக்கியமாகவும், சாலையில் வரம்பைவிட 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு கக்கியும் ஓடியது வெளிச்சத்துக்கு வந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கார்களின் மஞ்சள் லைட் இல்லை. புகைபோக்கியில் நேரடியாகக் கருவி பொருத்தி, வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்த்த வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்த அளவுகளிலிருந்துதான் சந்தேகமே கிளம்பியது.

கதவு திறந்திருந்தால் திருடனும் வரலாம். அதே 2015இல் சான் டியேகோ ஆய்வாளர்கள், காப்பீட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் வகை டாங்கிள் ஒன்றுக்கு எஸ்எம்எஸ் அனுப்பி, ஒரு கார்வெட்டின் பிரேக்கைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அதனால வேலை முடிஞ்சதும் ரீடரைக் கழட்டி வெச்சுடுங்க.

இப்போ சண்டை வேற இடத்துக்குப் போயிடுச்சு. புதுக் கார்கள் தங்கள் தகவலை சாக்கெட்டே இல்லாமல், சிம் கார்டு வழியாக நேரே கம்பெனிக்கு அனுப்புகின்றன. 2020இல் மாசசூசெட்ஸ் வாக்காளர்களில் ஏறத்தாழ 75 சதவீதம் பேர், அந்தத் தகவலும் உரிமையாளருக்கும் மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள். கார் தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது.

1990இல் போட்ட விதி சாக்கெட்டைப் பற்றிப் பேசியது. காற்றில் போகும் தகவலை அன்று யாரும் யோசிக்கவில்லை. அந்த 16 துளைகள் நமக்குக் கிடைக்க ஒரு ஊரே இரும வேண்டியிருந்தது. துளையே இல்லாத காரிடம், "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கும் உரிமை யாருக்கு? இதை நீங்களும் உங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க. அவருக்கு நிச்சயம் ஒரு கருத்து இருக்கும்.